முறையை வைத்து மூணு சீட்டு

பரிசல் ஓட்டுகிறவனுக்குத் துடுப்புப் பிடிக்கிற நேரத்தைவிடக் குத்துக்காலிட்டுக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒகேனக்கல்லுக்கு பஸ் வருவது அபூர்வம். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே நாங்கள் மரத்தடியில் மூணு சீட்டு ஆடினோம். நல்ல சீட்டைக் கீழே போட்டுவிட்டு, மட்டமான சீட்டைக் கட்டிக்கொண்டு அழுத அனுபவம் உங்களுக்கும் உண்டா? வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

புளியங்கொட்டை

எங்கள் பரிசல் துறையில் காசு வைத்து ஆடக்கூடாது. ஒருமுறை காசுத் தகராறில் துடுப்பாலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள்; போலீஸ் வந்து சீட்டுக்கட்டோடு ஆளையும் கூட்டிப்போனது. அதன்பிறகு எங்கள் புத்தி வேறு வழியில் ஓடியது. பரிசல்கள் வரிசைப்படிதான் ஆள் ஏற்றும்; அவனவன் முறை வந்தால்தான் சவாரி. அந்த முறையையே பந்தயமாக்கினோம். ஒரு புளியங்கொட்டை என்றால் ஒரு முறை. தோற்றவன் தன் முறை வரும்போது ஒதுங்கி நிற்பான். ஜெயித்தவன் ஆளை ஏற்றிக்கொண்டு போவான்.

இதுவும் சூதாட்டம்தானே என்று வரிசை பார்க்கிற கோவிந்தண்ணனிடம் கேட்டேன். அவர் கொட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டே சொன்னார்: "புளியங்கொட்டைக்கு எந்த ஸ்டேஷன்லடா கேசு எழுதுவான்?"

கையில் ரெண்டு ராஜா

நான் ஓட்டியது வாடகைப் பரிசல். வருகிறதில் பாதி பரிசலுக்குச் சொந்தக்காரருக்குப் போய்விடும். எப்பாடு பட்டாவது சொந்தமாக ஒன்று செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. மூங்கிலை வெட்டிப் பிளந்து நானே பின்னி வைத்துவிட்டேன். மேலே போர்த்தத் தோல்தான் பாக்கி. பென்னாகரத்துத் தோல் கடை பாய், நல்ல எருமைத்தோல் ஒன்றை ஆடிப் பதினெட்டு வரை எனக்காக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு முறையும் விடாமல் ஓட்டினால் வாங்கிவிடலாம். விடாமல் ஓட்டினேனா? அதுதான் இல்லை.

மாதப்பன் என் பெண்சாதியின் அண்ணன், சீட்டில் எமன். ஒருநாள் என் கையில் ரெண்டு ராஜா. அவன் ஒரு கொட்டை, இரண்டு, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போனான். வாய் ஓயாத பேச்சு, சிரிப்பு. பெரிய சீட்டுதான் வைத்திருக்கிறான் என்று நம்பி, ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அவன் தன்னுடையதை மல்லாத்தினான். ரெண்டு, அஞ்சு, ஒம்பது! ஒரு ஜோடிகூட இல்லை, அத்தனையும் பாவ்லா. வயிற்றெரிச்சலில் என் சீட்டையும் காட்டித் தொலைத்தேன். "ராஜா ரெண்டு பேரு இருந்தும் ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்லியே மாப்ள!" என்றான்.

ரோஷம்

அடுத்த வாரம் ரோஷம் தலைக்கேறியது. கவிழ்ப்பதே இல்லை என்று சபதம். மாதப்பன் எவ்வளவு ஏற்றினாலும் "காட்டு, காட்டு" என்றேன். இந்தத் தடவை அவன் பாவ்லா காட்டவில்லை. நிஜமான சீட்டைத்தான் காட்டினான். என் முறைகளில் ஒன்பது போயிற்று. என் பரிசல் சும்மா கிடக்க, நான் துடுப்பை ஊன்றிக்கொண்டு கரையில் நின்றேன். துறையில் மீன் வறுத்து விற்கிற என் பெண்சாதி சின்னப்பொண்ணுக்கு எரியாதா? கரண்டியோடு வந்துவிட்டாள். "எங்கண்ணன் ரெண்டு பரிசலுக்கு ஆள் ஏத்தறான். நீங்க கரையில நின்னு டாட்டா காட்டறீங்க!"

விரதம்

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். ஜோடிக்குக் கீழே எது வந்தாலும் கவிழ்ப்பது; ஜோடியே வந்தாலும் எதிராளியைப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. ஆட்டத்தில் உட்கார நாளுக்கு ஒரு கொட்டை. அதோடு போகட்டும். யார் சீண்டினாலும் அசையக்கூடாது. கைதான் பரபரத்தது, தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

கவிழ்த்தவனுக்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடைக்குமே! மாதப்பன் வாயில் எப்போதும் பீடி. நிஜமாகவே நல்ல சீட்டு வந்துவிட்டால் அவன் பீடியை மறந்துவிடுவான். அது உதட்டிலேயே அணைந்து கிடக்கும். பாவ்லா என்றால் புகை குபுகுபுவென்று வரும். பதினைந்து நாள் பார்த்தேன், ஒருநாளும் தப்பவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. கோவிந்தண்ணனுக்குத்தான் பொறுமை போய்விட்டது: "ஏன்டா, நீ ஆட வர்றியா, சீட்டைத் தூங்க வெக்க வர்றியா?"

நாலு ஜோடி

ஆடிப் பதினேழு, மத்தியானம். மறுநாள் முறைகள்தான் பந்தயம். வருஷத்தில் அந்த ஒரு நாள் கூட்டத்தில்தான் தோலுக்கு வேண்டியது தேறும். என் கையில் நாலாம் நம்பர் சீட்டு ரெண்டு, வெறும் சின்ன ஜோடி. மாதப்பன் தன் ஆறு முறையையும் மொத்தமாகத் தள்ளினான். காட்டச் சொல்ல நானும் ஆறு வைக்க வேண்டும். போனால் தோலும் போச்சு, சொந்தப் பரிசலும் போச்சு. பீடியைப் பார்த்தேன். நுனி கணகணவென்று சிவந்திருந்தது.

"காட்டு மச்சான்!"

ஆசு, பத்து, ஆறு. ஒரு ஜோடிகூட இல்லை! எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என் நாலுகளையே வெறித்தான். "இந்த ஜோடிக்கா ஆறு முறைய வெச்ச? உனக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சு மாப்ள?"

மூணாவது ஆள்

விடிந்தால் கர்நாடகப் பக்கத்து மழைக்குக் காவேரி கரை கொள்ளாமல் வருகிறது. பரிசல் எடுக்கக்கூடாது என்று தமுக்கு அடித்துவிட்டார்கள். பன்னிரண்டு முறையை மடியில் கட்டிக்கொண்டு செம்மண் தண்ணீரைப் பார்த்து நின்றேன். அழுகையே வந்துவிட்டது. மாதப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் உன்னப் பாத்தேன், நீ என்னப் பாத்த. காவேரி கையில என்ன இருக்குதுன்னு நம்மள்ல எவனாச்சும் பாத்தமா?"

அழுதால் ஆகுமா? அடுத்த பஸ்ஸில் பென்னாகரம் போனேன். பாயிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தண்ணீர் இறங்கினதும் பன்னிரண்டு முறையும் எனக்கே செல்லும் என்று கோவிந்தண்ணன் சொன்னதையும் சொன்னேன். பாய் என் இடுப்பு மடியில் துருத்திக்கொண்டிருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தார். "தோலு எங்கயும் எழுந்து போயிடாதுங்க. அந்தச் சீட்டுக்கட்ட மட்டும் இங்க வெச்சுட்டுப் போங்க."

தண்ணீர் இறங்கி, பன்னிரண்டையும் ஓட்டி, குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று பாய் சீட்டுக்கட்டையும் திருப்பி நீட்டினார். எதைக் கவிழ்ப்பது, எதைக் காட்டுவது என்றெல்லாம் கற்றுக்கொண்ட எனக்கு, அதை வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.