ஏழு நிமிடத்துக்கு ஐந்து ரூபாயா?

நமது வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுவதா வேண்டாமா என்று இருமுறை யோசித்தேன். காலையிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

நின்றுபோன டேபிள் ஃபேனைப் பெரிய காஞ்சிபுரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரித்தார், ஒரு ஒயரை மாற்றினார், ஓடவிட்டார். ஏழே நிமிடம்.

"அஞ்சு ரூபா குடுங்க சார்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆபீஸ் பழக்கம். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

பழுதான ரேடியோவோடு காத்திருந்த நெசவாளி ஒருவர் சிரித்தார். "நாங்க சேலை முடிச்சாத்தான் கூலி. எத்தினி நாளாச்சுன்னு எவன் கேக்கறான்? சார் மணி பாத்துக்கினு இருக்கறாரு."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "மணிக்கணக்குலயே செஞ்சிடலாம். குந்துங்க சார்" என்று ஃபேனை மறுபடி பிரித்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இறக்கைகளைச் சோப்பு போட்டுக் கழுவினார். நடுவில் டீ குடித்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஃபேன் முன்பு போலவே ஓடியது.

"இப்போது எவ்வளவு?" என்று தயங்கிக் கேட்டேன்.

"அதே அஞ்சுதான் சார். இப்ப மனசு ஆறிச்சா?"

ஆறித்தான் இருந்தது. சந்தோஷமாகக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம்தான் இப்போது உறுத்துகிறது.

என்னால் அந்த ஒரு மணி நேரமும் தறியில் உட்காராமல், ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டிருந்த நெசவாளிக்கு யார் கூலி கொடுப்பது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.