தங்கையின் வலது கைக்கு

பந்தை யாருக்கும் எட்டாத இடத்தில் அடிக்க அக்காவுக்கு வராது. எதிரே நிற்பவர் மட்டையை எங்கே வைத்திருக்கிறாரோ, அங்கே போய் விழும். டென்னிஸ் கிளப்பில் காலையில் அவளோடு பயிற்சி ஆட அதனால்தான் அத்தனை போட்டி. தொப்பையும் மூச்சிரைப்புமாக வரும் மருந்துக்கடைக்காரர், "அக்கா எதிர்ல நின்னா நானும் ஒரு ஆட்டக்காரன்தான். வேற யாராவது நின்னா பந்து பொறுக்கவே நேரம் சரியா இருக்கு" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த பந்தையும் அவர் மட்டைக்கே அனுப்புவாள்.

கிளப்பில் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: சாம்பியனோட அக்கா.

தேசம் தேசமாகப் போய்க் கோப்பை வாங்கும் அந்தத் தங்கையும் இவளும் இந்த மண் கோர்ட்டுக்குப் பின்னால், மண்ணைச் சமன்செய்யும் உருளையும் வலையும் போட்டுவைக்கும் கொட்டகையை ஒட்டிய அறையில் வளர்ந்தவர்கள். அப்பா கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கோடு போடுபவர். உறுப்பினர்கள் தூக்கிப்போட்ட, ரோமம் உதிர்ந்த பந்துகளும் நரம்பு தளர்ந்த மட்டைகளும் பிள்ளைகளுக்கு வரும். பந்து எட்டாவிட்டால் தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வரும். "அவ கைக்கே போடும்மா, ஊரைக் கூட்டிருவா" என்பார் அப்பா. அக்கா கைக்கே போட்டாள். பிறகு கிளப் பயிற்சியாளர் கண்ணில் தங்கை பட்டாள். அவளுடைய வலது கை வீச்சைப் பார்த்து அசந்துபோனவர் அக்காவிடம், "அந்தக் கைக்கே போட்டுட்டு இரு, நல்லாப் பழகட்டும்" என்றார். பள்ளிக்கு முன்னால் வெயில் ஏறும்வரை, பள்ளி விட்டு வந்து இருட்டும்வரை, வருஷக்கணக்கில் அக்கா அந்த வலது கைக்குப் போட்டாள். இன்று தொலைக்காட்சியில் வர்ணனையாளர்கள் வாயைப் பிளப்பது அந்த வீச்சுக்குத்தான்.

அக்காவும் லேசுப்பட்டவள் அல்ல. ஓட்டத்தில் தங்கையைவிட ஒரு படி மேல். வெளியூர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்று இந்தக் கிளப்பிலிருந்து ஒருத்தியை மட்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னபோது செயலாளர், "ரெண்டு பேரும் ஆடுங்க. ஜெயிக்கிறவ போகட்டும்" என்று முடித்துவிட்டார். அக்காவுக்குப் போக ஆசை. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி செட். ஒரு பாயிண்ட் எடுத்தால் அக்காவுக்கு வெற்றி. தங்கை வலது ஓரத்தில் நிற்கிறாள். இடது பக்கம் முழுக்கக் காலி. அங்கே லேசாகத் தட்டிவிட்டால் போதும். அக்காவின் கண்ணும் அங்கேதான் இருந்தது. கை மட்டும் அத்தனை வருஷம் போட்ட இடத்துக்கே போட்டது. திரும்பி வந்த பந்தை அவளால் தொடக்கூட முடியவில்லை. அதோடு ஆட்டம் கைநழுவிப் போயிற்று.

பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். "தங்கச்சிக்காக விட்டுக்கொடுத்துட்டா பாரு." அப்பா அவள் தலையில் கை வைத்து, "உனக்குப் பெரிய மனசும்மா" என்று அழுதார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் அழுவதைப் பார்த்து மென்று விழுங்கிவிட்டாள். பிறகு அந்தப் பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை. தங்கை பேட்டிக்குப் பேட்டி அதையே சொன்னாள். அக்கா வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வந்தால்கூட அவள் கணவர், "விட்டுக்கொடுக்கிற பொண்ணுன்னு கேள்விப்பட்டுத்தானே கட்டினேன்" என்பார். எப்போதாவது அவள் உண்மையைச் சொன்னால், தன்னடக்கம் என்றார்கள். தோற்றவள் என்றுகூட அவளை யாரும் சொல்லவில்லை.

சென்ற மாதம் அப்பா இறந்தார். வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்த தங்கை வந்தாள். வந்தவர்களெல்லாம் போன பின் அந்தப் பழைய அறையில் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் விட்டுக்கொடுக்கலடி. ஜெயிக்கத்தான் ஆடினேன். கை கேக்கல" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எங்க போடுவேன்னு எனக்குத் தெரியாதா? அதான் நகராம நின்னேன்."

"அப்புறம் ஏன்டி ஊரெல்லாம் அப்படிச் சொன்ன?"

"நீ பழக்கிவிட்ட கையை வச்சே உன்னைத் தோக்கடிச்சேன்னு எந்த வாயால சொல்ல?"

"அப்பா அதையே நம்பிட்டுப் போய்ச் சேந்துட்டாரு."

வெளியே கார் வந்து நின்றது, விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இருவரும் எழுந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்றவள் ஜெயித்தவளிடம் வலைக்கு மேலே நீட்டுவதுபோல, அக்கா வலது கையை நீட்டினாள். அந்த ஆட்டம் முடிந்த அன்று எல்லோரும் சூழ்ந்துகொண்டதில் அது நடக்காமல் போயிருந்தது. தங்கை அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். குலுக்கவில்லை.