மெட்டுகுடாவில் ஒரு எட்டு எம்.எம். புரொஜக்டர்

பழைய புரொஜக்டர் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு ஏழெட்டு வருடமாக உண்டு. சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவனுக்கு இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்பாள். 2007 டிசம்பரில் ஹைதராபாத்திலிருந்து ரம்யா என்ற பெண் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இணையத்தில் நான் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்தாராம். வீட்டில் எட்டு எம்.எம். புரொஜக்டர் இருக்கிறது, பல்பு எரியாது, கூடவே ஒரு ரீலும் உண்டு, மெஷின் நாலாயிரம் ரூபாய் என்று எழுதி, இரண்டு போட்டோக்களும் இணைத்திருந்தார். ஜெர்மன் தயாரிப்பு. அந்த மாடலை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த வாரக் கடைசியிலேயே கிளம்பிவிட்டேன்.

சென்னையில் மாலை ரயில் ஏறினால் காலை எட்டு மணிவாக்கில் செகந்திராபாத். எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்லீப்பர் டிக்கெட் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தோள்பையில் துணியைவிட சாமான்தான் அதிகம். மாற்று பல்பு, ரப்பர் பெல்ட், ஃபிலிம் ஒட்டும் டேப், அப்புறம் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வெளிநாட்டு மெஷின்கள் பல 110 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு பிளக்கில் அப்படியே செருகினால் புகைதான் வரும்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றேன். "மீட்டர் நக்கோ சார்" என்று, வேண்டாம் என்பதை ஊர் உருதுவில் சொல்லிச் சிரித்தார். நாற்பதுக்கு ஒப்புக்கொண்டார். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

ரம்யாவின் வீடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அவருடைய அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, அன்று ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். ரம்யா மாதாப்பூரில் ஒரு கால் சென்டரில் இருக்கிறார். அம்மா சகுந்தலா, நாற்பது வயதுக்காரர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அவர் தமிழில் கேட்பதற்கெல்லாம் மகள் தெலுங்கில் பதில் சொன்னார். உப்புமாவும் காபியும் ஆனபிறகு பெட்டியைத் திறந்தேன். பெல்ட் காய்ந்து நொறுங்கியிருந்தது, மற்றபடி மெஷின் சுத்தம். ரீலில் மட்டும் வினிகர் வாடை அடித்தது. ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"மெஷினை எடுத்துக்கிட்டுப் போங்க சார். அதுக்கு முன்னாடி அந்தப் படத்தை ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்களா?" என்றார் சகுந்தலா.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா சைனிக்புரியில் ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் டிரைவர். குடும்பம் அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தது. சகுந்தலாவுக்கு இரண்டு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். சில வருடம் கழித்து அதிகாரி வெளிநாடு போகும்போது, பல்பு போன இந்த மெஷினையும் ஒரு ரீலையும் டிரைவருக்குக் கொடுத்திருக்கிறார்.

"இதுல உங்கம்மா இருக்கா, இடுப்புல நீ இருப்பேன்னு அப்பா சொல்வார். பல்பு எங்கயும் கிடைக்கல. அப்பாவும் போயிட்டார்."

"வேற போட்டோ இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல சார். அம்மா முகம் எனக்குத் தெரியாது."

ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். பெல்ட்டும் பல்பும் மாட்டி, சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டேன். கறுப்பு வெள்ளையில் யாரோ குழந்தையின் பிறந்தநாள். பலூன், நாய், சோபாவில் விருந்தாளிகள். ரீல் மொத்தமே நாலு நிமிடம்தான். மூன்று நிமிடம் போயும் யாரும் வரவில்லை. ரம்யா என்னைப் பார்த்தார். ரீல் மாறிப்போயிருக்குமோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது.

பிறகு வராந்தாவில் ஒரு பெண் வந்தார். கையில் தட்டு, இடுப்பில் மொட்டைத்தலைக் குழந்தை. கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நிறுத்துங்க சார், நிறுத்துங்க" என்றார் சகுந்தலா.

நான் நிறுத்தவில்லை. இந்த மாடலில் ஃபிலிம் நின்றால் பல்பின் சூடு அந்த இடத்தையே கருக்கிவிடும். விளக்கிச் சொல்ல நேரமில்லை. மெஷினைப் பார்த்தபடி நின்றேன். ரீல் முடிந்து சுவர் வெள்ளையானது.

"அச்சம் நீலாகே உந்தி, அம்மா" என்றார் ரம்யா. அப்படியே உன்னை மாதிரியே இருக்கிறார் என்று. சகுந்தலா வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தாததற்குக் காரணம் சொன்னேன். ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்திருந்ததைக் காட்டினேன். இன்னொரு தடவை போட்டால் அறுந்துபோகலாம், போடாமல் வைத்தாலும் கொஞ்ச காலத்தில் சுருங்கிவிடும் என்றேன். அவர் மகளைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. "போடுங்க" என்றார். என் டிஜிட்டல் கேமராவை ட்ரங்குப் பெட்டிமேல் வைத்துச் சுவரைப் பதிவுசெய்தபடி மறுபடி ஓடவிட்டேன். அந்தப் பெண் சிரித்து முடித்த சற்று நேரத்தில் ஃபிலிம் அறுந்தது. அறுந்த இடத்தை ஒட்டிக் கொடுத்தேன்.

மெஷின் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். முழுமனதோடு சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. "எங்களுக்கு எதுக்கு சார், பார்த்தாச்சு" என்றார். மும்பையில் முறையாக டிவிடியாக்கித் தருவார்கள், ரீலை நானே கொண்டுபோகிறேன் என்றதற்கு, "ரீல் நக்கோ. அது இங்கயே இருக்கட்டும்" என்று முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டார். கேட்ட விலையைக் கொடுத்து மெஷினோடு மாலை ரயிலைப் பிடித்தேன்.

இதுபோலக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பல்பும் பெல்ட்டும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிளக்கில் செருகுவதற்கு முன் மெஷினின் பின்புறத்தில் வோல்ட்டேஜைப் பாருங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வியாழக்கிழமை ஜுமேராத் பஜாருக்குப் போகலாம், பழைய சாமான் குவிந்து கிடக்கும். திரும்பும்போது கீழ் பெர்த் கேளுங்கள். கனத்த பெட்டியை மேலே ஏற்றுவது கஷ்டம். பெட்டியோடு ரீல் இருந்தால், விலை பேசுவதற்கு முன் வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேமராவில் எடுத்ததைச் சிடியில் போட்டு மறுவாரம் கூரியரில் அனுப்பினேன். சுவரின் விரிசல்கூடத் தெரியும், படம் விட்டுவிட்டு மினுங்கும், அவ்வளவு சுமார். பொங்கல் கழித்து ரம்யா எழுதியிருந்தார். அம்மா கம்ப்யூட்டரில் அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் படத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டாராம். நிறுத்தி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து காய் நறுக்குகிறாராம்.