இரண்டாவது வரிசையில் இருந்தவள்

கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தலாமா என்று நாடெங்கும் கதை அடிபட்ட நாட்கள். மருதமுனையில் எங்கள் பெண்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள்.

"எங்கட வரிக்காசில அரசாங்க ஆசுபத்திரி இந்தப் பாவத்தச் செய்யவோ? களவா அழிச்சிப்போட்டு வாறவளையும் பொலிஸில குடுக்கோணும்" என்றேன். தலைகள் ஆடின. இரண்டாவது வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு றிசானாவின் தலையும் ஆடியது.

ஒரு கிழமை போயிருக்கும். இரண்டு நாளாக அவளுடைய தறிச் சத்தம் கேட்கவில்லை. "என்ன புள்ள, தறிக்கும் லீவு குடுத்திட்டியா?" என்று பகிடி விட்டபடி உள்ளே போனேன். பாயில் கிடந்தாள். உடம்பு கொதித்தது, கீழே விரித்திருந்த பழைய சாரத்துணி முழுக்க இரத்தம். ஏழு மாதக் குழந்தை கையிலிருக்க மறுபடி உண்டாகி, யாருக்கும் சொல்லாமல் கருவைக் கலைக்க எங்கோ வாங்கிய குளிசைகளைப் போட்டிருக்கிறாள்.

"எழும்பு, ஆசுபத்திரிக்குப் போவம்."

"வேணாம் ராத்தா. பொலிஸில குடுக்கோணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அரசாங்க ஆசுபத்திரி வாட்டில் தாதியிடம் என்ன சொல்வதென்று தடுமாறினேன். "அதெல்லாம் பிறகு கதைப்பம். முதல்ல ஆளக் காப்பாத்துவம்" என்று அவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்.

இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் மௌத்துத்தான் என்றார்கள். றிசானா பிழைத்தாள்.

சட்டத்தைப் பற்றி என் மனம் இன்னும் ஒரு கரையில் நிற்கவில்லை. ஆனால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நான் இருந்தேன். அந்த இரண்டு நாளும், எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.