ஓட்டிப் பார்க்க வந்தவர்

முட்டி வலியால் அப்பாவுக்கு மாடி ஏறி இறங்க முடியவில்லை. கீழே பட்டறையில் உள்ள மரம் இழைக்கும் மெஷினை விற்றால்தான் அங்கே அவருக்குக் கட்டில் போட முடியும். ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தேன்.

இன்று பூந்தமல்லியிலிருந்து ஒருவர் குட்டி யானை வண்டியோடு வந்தார். கையோடு ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று சந்தோஷப்பட்டேன்.

"ஓட்டிப் பாக்கணும் பாப்பா. பலக நானே எட்த்துகினு வந்துகீறேன்" என்றார்.

ஒரு பலகையை இழைத்தார். பிறகு இன்னொன்று. அப்புறம் வண்டியிலிருந்த எல்லாப் பலகையும் இறங்கியது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

மாடியிலிருந்து அப்பாதான் கேட்டார். "இன்னா நைனா, ஊடு முழுக்கக் கதவு போடப் போறியா?"

"பாத்துதானே வாங்கணும் அண்ணாத்தே."

மிச்சத்தையும் இழைத்து, வழவழவென்று ஆன பலகைகளை வண்டியில் அடுக்கிய பிறகு, "பிளேடு மொக்கையா கீது, வேணாம்" என்று கிளம்பிவிட்டார்.

பட்டறை முழுக்க மரச்சீவல். அதன்மேல் அவர் துப்பிய பாக்கு எச்சில் வேறு. அத்தனையையும் நானே அள்ளினேன்.

சற்று முன் அவரிடமிருந்து மெசேஜ்: "மெஷின் இன்னும் கீதா பாப்பா? நாளைக்கு இன்னொரு தபா ஓட்டிப் பாக்கணும்."

பதிலை நீங்களே எழுதிக் கொடுங்கள். நான் டைப் செய்தால் மரியாதையான வார்த்தைகளாகவே வருகின்றன.