நானூற்றுப் பன்னிரண்டாவது போன்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு டயல்டோன் அக்கா என்று பெயர். நடந்துபோகும் வழியில் எந்த மேசையில் போன் இருந்தாலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டயல்டோன் வருகிறதா என்று பார்க்காமல் அவளால் தாண்ட முடியாது. பெரிய டாக்டர் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்து, ரிசீவரை எடுத்து, "ம், இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறாள். திட்டும் வாங்கியிருக்கிறாள். திட்டெல்லாம் ஒரு காதோடு சரி. இன்னொரு காதில்தான் எப்போதும் ரிசீவர் இருக்குமே.

பத்தொன்பது வருடமாக அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் போன்கள் அத்தனையும் அவள் பொறுப்பு. புதிதாக எது வந்தாலும் முகத்தைச் சுளிக்கிற ரகம் என்று அவளை நினைத்துவிட வேண்டாம். எல்லா போன்களையும் இணையத்துக்கு மாற்றப் போகிறோம், பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியைத் தூக்கிவிடலாம் என்று நிர்வாகம் சொன்னபோது முதலில் கைதட்டியவளே அவள்தான். அந்தப் பெட்டியோடு பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்! ராப்பகலாக உட்கார்ந்து படித்தாள். மூன்றே மாதத்தில் ஒவ்வொன்றாக மாற்றினாள். நர்ஸ் எந்த மாடியில் இருந்தாலும் அவர் கையிலிருக்கும் போனுக்கே அழைப்பு போய்ச் சேர்வதைப் பார்த்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி பூரித்துப் போனாள்.

நானூற்றுப் பதினொரு போன்கள் அப்படி மாறின. நானூற்றுப் பன்னிரண்டாவது, நோயாளிகளை ஏற்றி இறக்கும் லிஃப்டுக்குள் இருந்த அவசர போன்.

அதையும் மாற்றினாள். சாமான்களை விற்ற நிறுவனத்து ஆள் வந்து, லிஃப்டைத் தரைத்தளத்தில் கதவு திறந்தபடி நிறுத்தி, பட்டனை அமுக்கி, "ஹலோ ஹலோ" என்று பேசிப் பார்த்து, தாளில் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டான். கதவு திறந்திருந்தால் போன் எதற்கு? இறங்கி நடந்து போக வேண்டியதுதானே! அவள் சோதிக்கும் முறையே வேறு. ஒரு விடுமுறை நாளில், அந்தப் பக்கத்து அலுவலக அறைகள் காலியாக இருந்த நேரம் பார்த்து, லிஃப்ட் ஆபரேட்டரிடம் சொன்னாள்.

"அண்ணே, நான் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுக்கறேன். நீங்க இந்தப் பக்கத்து கரண்ட மொத்தமா அணைச்சிடுங்க. உள்ள இருந்து போன் பண்றேன். போன் வந்தப்புறம்தான் போடணும். அதுக்கு முன்னாடி கை வைக்கவே கூடாது."

"சரிம்மா, நீ சொன்னா சரி" என்றார் ஆபரேட்டர்.

சொன்ன சொல் தவறாத மனிதர். வினையே அங்கேதான் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எடுத்த எடுப்பில் போன் பண்ண மாட்டார்கள், முதலில் கதவைத்தான் தட்டுவார்கள் என்று அவள் பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு பட்டனை அமுக்கினாள். சத்தமே இல்லை. மாடி அலமாரியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால்தான் அந்தப் புது போனுக்கு உயிர். பெட்டிக்கு பேட்டரி உண்டு என்று தாளில் எழுதியிருந்தார்கள். உண்டுதான். நான்கு நிமிடத்துக்கு உண்டு. இரும்புப் பெட்டிக்குள் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. போன் வராமல் கரண்ட் போடக் கூடாது என்று அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். கரண்ட் வராமல் போன் பண்ண முடியாது என்று அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது நிமிடம்! கடைசியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் காதில் கதவு தட்டும் சத்தம் விழுந்ததோ, பிழைத்தாளோ.

"என்னம்மா, போனே பண்ணலையே நீ?" என்று ஆபரேட்டர் அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

வெளியே வந்த கையோடு அவள் பழைய செப்புக் கம்பியை லிஃப்டுக்குத் திரும்ப மாட்டிவிட்டாள். அந்தக் கம்பிக்கு வேண்டிய கரண்ட் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். கட்டடம் மொத்தமும் இருண்டு கிடந்தாலும் அது பேசும்.

அடுத்த வாரம் ஐ.டி. மேலாளர் ஒரு படிவத்தோடு வந்தார். நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பன்னிரண்டும் மாறிவிட்டன, பழைய லைன் ஒன்றுகூட இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே அவள் கையெழுத்து வேண்டும். அந்தத் தாள் போனால்தான் போன் விற்ற நிறுவனம் நடத்தும் மாநாட்டில் மருத்துவமனைக்குக் கேடயம்.

"பெரிய பேட்டரி வெக்கச் சொல்லுங்க சார், மாசாமாசம் சோதிக்கச் சொல்லுங்க. கம்பிய நானே வெட்டிப் போடறேன்" என்றாள்.

"அதெல்லாம் அடுத்த கட்டத்துல பாக்கலாம்னு சொல்றாங்க. ஒரு போனுக்காக ஏன் இப்படி அடம் பிடிக்கறீங்க? உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன! புருஷன் வேலை பார்த்த சலவைக்கடையை இழுத்து மூடிவிட்டார்கள்; வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"போட்டுட்டா உனக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டான்.

"வராது."

"அப்ப எனக்கும் வராது. விடிய விடியப் பொலம்பியே கொன்னுடுவே. போடாதே."

அவள் சிரித்தாள்.

மாநாடு ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் நடந்தது. படிவத்தில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை; மேடை ஏறினால் மனம் மாறுவாள் என்று மேலாளர் அவளையும் கூட்டி வந்திருந்தார். மேடையில் பேச இரண்டு நிமிடம் கொடுத்து, பேச வேண்டியதையும் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாத்தனாரின் குதிகால் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆளாளுக்கு வந்து பேசினார்கள். இனி மேசை போனே இருக்காது என்றார் ஒருவர். அழைப்பவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்பதைக் குரலை வைத்தே மென்பொருள் கண்டுபிடித்துவிடும் என்றார் இன்னொருவர். அதற்கு மென்பொருள் எதற்கு, காது போதாதா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் நல்லதாகப் பட்ட நாலைந்து விஷயங்களை நோட்டில் குறித்துக்கொண்டாள். தொழில் தெரிந்தவள் அல்லவா. செம்பின் காலம் முடிந்தது, எல்லாம் இனி கிளவுட்தான் என்று நிறுவனத் தலைவர் முழங்க, கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பிறகு அவளை மேடைக்கு அழைத்தார்கள். அட்டையை மடித்து நோட்டுக்குள் செருகிவிட்டு மைக்கின் முன் நின்றாள்.

"நானூத்திப் பதினொரு போன் மாத்தியிருக்கோம். எல்லாம் அருமையா வேலை செய்யுது. ஒண்ணு மட்டும் மாத்தல. லிஃப்ட் போன். கரண்ட் போனா அது செத்துப் போகுது."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் மட்டும் சிரித்துக்கொண்டே இன்னொரு மைக்கை எடுத்தார்.

"அக்கா கொஞ்சம் பயந்த சுபாவம் போல. இந்தக் கட்டடத்துல மூணு லிஃப்ட் இருக்கு. மூணுலயும் நம்ம போன்தான். நீங்க எல்லாரும் அதுலதானே ஏறி வந்தீங்க?"

கூட்டம் சிரித்தது. பயந்த சுபாவமாம்! ஐம்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்தவளைப் பார்த்துச் சொல்கிறார். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நல்லதாப் போச்சு சார். வாங்க, நீங்களும் நானும் ஏறலாம். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிப்போம். கீழ கரண்ட அணைக்கச் சொல்லலாம். பத்து நிமிஷம் பேசிக்கிட்டிருந்துட்டு அப்புறம் நீங்களே பட்டன அமுக்குங்க. யாராவது எடுத்துட்டா இதே மேடைல கையெழுத்துப் போடறேன். செல்போன மட்டும் இங்கயே வெச்சிட்டு வாங்க."

"இல்ல... இதுக்கெல்லாம் முன்அனுமதி வாங்கணும்... பாதுகாப்பு விஷயம்..."

"ஏன் சார், பாதுகாப்பு இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப வாங்க."

பின்வரிசையிலிருந்து யாரோ, "போயிட்டு வாங்க சார், நாங்க காத்திருக்கோம்!" என்று குரல் கொடுத்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது, அனைவரும் சாப்பிடப் போகலாம் என்று அறிவித்தார்.

சாப்பாடு தரைத்தளத்தில். முந்நூறு பேர் எழுந்தார்கள். மூன்று லிஃப்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. முன்னால் போனவர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார். அவர் பின்னால் வந்தவரும் திரும்பினார். அப்புறம் மொத்தக் கூட்டமும் கோட்டும் சூட்டுமாக, கழுத்தில் அட்டை ஆட, ஏழு மாடியையும் படியிலேயே இறங்கியது.

அவளும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலாளர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவளைப் பிடித்தார். கையில் அதே படிவம்.

"மானத்த வாங்கிட்டீங்க. சரி, போனது போகட்டும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, ஒரு கையெழுத்து போடுங்க. இல்லேன்னா ஒப்பந்தத்த என்னால புதுப்பிக்க முடியாது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?"

"போடறேன் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"என்ன?"

"மேல மூணு லிஃப்ட் சும்மாதானே நிக்குது. நீங்க ஏன் படியில வந்தீங்க?"

அவர்களைத் தாண்டி ஆட்கள் தடதடவென்று இறங்கிக்கொண்டேயிருந்தார்கள். அந்த வரிசையில் நிறுவனத் தலைவரும் வந்தார். குனிந்த தலை நிமிராமல் இருவரையும் தாண்டிப் போனார்.

மேலாளர் படிவத்தைச் சுவரில் வைத்து, மாறியவற்றின் கணக்கில் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்; பழைய லைன் ஒன்றுகூட இல்லை என்பதையும் ஒன்று உண்டு என்று திருத்தினார். பேனாவை அவளிடம் நீட்டினார். அதை வாங்குவதற்காக அவள் நாத்தனாரின் செருப்பைப் படியில் வைத்தாள்.