சோளம் இல்லாத தீவனமும் தாயம்மாளின் அடுப்பும்

நூம்பல் கிராமத்துப் பால்காரர் ஒருவர் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் எங்கள் மில் வாசலில் சொல்லிவிட்டுப் போனார்: "தாயம்மா ஊட்டு மாடுங்க உங்க தீனியத் தொடவே மாட்டேங்குதுபா. போய்ப் பாருங்க." எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் ஒரு சின்ன மாட்டுத்தீவன மில்லில் நான் மிக்ஸிங் சூப்பர்வைசர். கேட்டதும் நூம்பலுக்குக் கிளம்பினேன்.

மக்காச்சோளத்தை எல்லாம் கோழித்தீவனக்காரர்கள் அள்ளிக்கொண்டு போன சமயம். சோளமே இல்லாமல் ஒரு ஃபார்முலா போடச் சொன்னார் முதலாளி. நம் பக்கத்தில் என்ன மிச்சமாகிறது என்று தேடினோம். செங்குன்றம் ரைஸ் மில் தவிடு, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் காயவைக்கிற மரவள்ளித் திப்பி, வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பொடி எல்லாம் கிடைத்தன. திப்பியில் புரதம் அவ்வளவாகக் கிடையாது என்பதால் கடலைப் புண்ணாக்கைக் கூட்டினோம். மில்லில் கட்டியிருந்த பசுக்கள் அதை உலர்ந்த தூளாகவே நக்கித் தின்றன. எங்களுக்கு ஒரே பெருமை.

ஆனால் வாங்க ஆள் வேண்டுமே. துணிந்து முதல் லோடு எடுத்தது தாயம்மாள் மட்டும்தான். நூம்பலில் மேய்ச்சல் நிலமெல்லாம் பிளாட் ஆகிக்கொண்டிருந்ததால், எருமைகளைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டு தீனி போட்டு வளர்த்தார். "இந்த லோடு திரும்பி வந்துச்சுன்னா மில்லப் பூட்டிட வேண்டியதுதான்யா" என்று முதலாளி என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

கொட்டகைக்குள் நுழைந்தபோது தாயம்மாள் அடுப்பின் மேலிருந்த அண்டாவை ஒரு கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கினார். பசை ஜவ்வு மாதிரி நீண்டு தொங்கியது.

"இன்னா நைனா, இத்த மாட்டுக்கு வெக்கிறதா, சினிமா போஸ்டர் ஒட்றதா?"

பக்கத்தில் ஒரு எருமை மூக்கில் காய்ந்த பசையை நக்கி எடுக்கப் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். பால் பாதியாகக் குறைந்திருந்தது.

"இதைக் காய்ச்சினீங்களாம்மா?"

"காய்ச்சாம? சோள மாவ எப்பவும் காய்ச்சித்தான ஊத்துவேன். அதுக்கு பதிலு இதுன்னு நீதான சொன்ன."

சோள மாவைக் காய்ச்சினால் கூழ். திப்பியும் புளியங்கொட்டையும் ஒன்றாக வெந்தால் பசை. நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியே புளியங்கொட்டைப் பொடியில்தான். இவ்வளவு தெரிந்த மில்லில் ஒருவருக்கும் இந்த அடுப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

காய்ச்சாமல் தூளாக வைத்துப் பார்த்தோம். சூடான கூழ் குடித்துப் பழகிய எருமைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு புண்ணாக்கு ஊறிய தண்ணீரில் கொஞ்சம் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு, கரைத்து, தீவனத்தைப் பிசறி வைத்தோம். ஒன்று மோந்து பார்த்தது. இன்னொன்று ஒரு வாய் தின்றது. வேலை முடிந்ததும் தினமும் நூம்பலுக்குப் போய் நின்றேன்.

அப்படி ஒரு சாயங்காலம், வேலப்பன்சாவடி பக்கத்து மாட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். எங்கள் தீவனத்தை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். அதில் பெரியவர் கேட்டார்: "இன்னா தாயம்மா, தீனி சரியில்லன்னு பேசிக்கிறாங்களே?"

நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், எங்கள் கதை முடிந்துவிடும். அதைச் சொல்ல தாயம்மாளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"தீனியில ஒண்ணும் இல்ல. நாந்தான் காய்ச்சிக் கெடுத்துட்டேன். ஒரு வாரம் கழிச்சி வந்து கறவையப் பாருங்க" என்றார் தாயம்மாள், அண்டாவைக் கழுவியபடியே.

ஒரு வாரத்தில் பால் பழைய அளவுக்கு வரவில்லை. அதற்கு மேலும் சில நாள் ஆனது. ஆனால் வந்தது. அந்த மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் மூட்டை எடுத்தார்கள். எங்கள் மில்லில் பூட்டு தொங்கவில்லை.

எனக்காகப் பரிதாபப்பட்டுத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்து, நன்றி சொல்லப் போனேன். நான் பேச ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனுக்காக இல்ல நைனா. உங்க மூட்டையத் திருப்பி அனுப்பிட்டு, மறுநாளு மாட்டுக்கு நான் இன்னாத்த போடறது? சோளம் எங்க கீது? நீங்க ஜெயிச்சாத்தான் என் மாடு திங்கும்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஃபார்முலா போடுவதற்கு முன் கொட்டகைக்குப் போய், தீனி எப்படி வைக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்குகிறவர் குறை சொன்னால் எதிரியாகப் பார்க்காதீர்கள். நம் சரக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று நம்மைவிட அதிகமாக வேண்டிக்கொள்கிறவர் அவர்தான்.

அன்று தாயம்மாள் அப்படிச் சொன்ன பிறகும் நான் விடாமல் நன்றி சொன்னேன்.

"சரி சரி, போய் அடுத்த லோட அனுப்பு" என்றார்.